குசினிக் கதவு

போன மாசம் என் கணவர் விடுமுறைக்குத் தங்க ஒரு வீடு பார்த்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரர், மியூனிக்கில் கணினி வேலை. கலியாணமாகி இத்தனை காலமாகியும் சமையலறையை நான் ‘குசினி’ என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். “இங்க பாரு, ஹெரிடேஜ் ஹவுஸ். அந்தக் காலத்து ஃபார்ம் ஹவுஸ், சூப்பரா ரெனோவேட் பண்ணியிருக்காங்க” என்று கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே போகக்கூடிய அந்தப் பெரிய வாசல். அதற்கு மேலே குறுக்கு மரத்தில் செதுக்கி வெள்ளை பூசிய பெயர்கள். எட்டு வயதில் நான் எழுத்துக்கூட்டி வாசித்த பெயர்கள் அவை.

படங்களுக்குக் கீழே வீட்டின் வரலாறு என்று நீண்ட விவரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்ன கணவனும் மனைவியும் கட்டியது, அன்றுமுதல் ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது, இன்றைக்கு அந்தக் குடும்பத்தின் வாரிசு ஒருவர் அன்போடு பேணிவருவது. குசினியின் கனத்த மரக்கதவு, கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில் தொங்குகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பச்சைப் பொய்” என்றேன். “அந்தக் கதவு கனகாலம் மாட்டுக்கொட்டிலுக்குள்ள கிடந்தது. அதைத் தூக்கி மாட்டினது என்ரை அப்பா.”

என் கணவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அந்த வீட்டுக்குப் போகும்முன் நாங்கள் ஜேர்மனியில் ஓர் அகதி முகாமில் இருந்தோம். குடும்பத்துக்கு ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் விழித்துக்கொள்வோம். மாடிக்கு ஒரு குசினி. அங்கே அம்மா நாலு செத்தல் மிளகாயைத் தாளித்துவிட்டால் போதும், யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கத்துவார், முகாம் பொறுப்பாளர் வந்து யன்னல்களை எல்லாம் படாரென்று திறந்துவிட்டுப் போவார். அப்போது தம்பி அம்மாவின் வயிற்றில். இந்தப் பிள்ளை இந்த முகாமில் பிறக்கக்கூடாது என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

பிள்ளையார் மனம் வைத்தாரோ ஊர்ப் பாதிரியார் மனம் வைத்தாரோ தெரியாது. யாரிடமாவது சும்மா கிடக்கும் அறை இருக்கிறதா என்று பாதிரியார் தேவாலயத்தில் கேட்டாராம். ஒரேயொரு கை உயர்ந்ததாம். அந்தக் கை பின்னர் எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரருடையது.

அறுபதைத் தாண்டிய மனிதர். மனைவி முந்தின வருசம் இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. மாடுகளையும் விற்றுவிட்டு அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே தனியாக இருந்தார். அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகள் அப்படித்தான். மாட்டுக்கொட்டில், வைக்கோல், மனிதர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெரிய வாசலால் நுழைந்தால் கல் பதித்த கூடம், கூடத்தின் கடைசியில் குசினி, பக்கத்தில் மேலே ஏறும் படி. மேலே சரிந்த கூரைக்குக் கீழே இரண்டு அறைகள் எங்களுக்கு. என் அறை யன்னல் பலகையில் யாரோ ஒரு பிள்ளை கத்தியால் குதிரைவண்டி ஒன்று கீறியிருந்தது. குதிரைக்கு மூன்று கால்தான். நாலாவது காலை நான் பென்சிலால் போட்டுவிட்டேன்.

“விக்டோரியா மகாராணி காலத்து வீடு” என்று அப்பா பெருமையாகச் சொல்லித் திரிந்தார். அந்த மகாராணி ஜேர்மனியை ஆண்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்த அப்பாவுக்கு அந்த நூற்றாண்டுக்கு வேறு அடையாளம் தெரியாது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் அதிகம் கதைக்க மாட்டார். வந்த அன்று எங்களைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய் அடுப்பைத் தொட்டுக் காட்டி, “இது எல்லாருக்கும்” என்றார். அது மட்டும்தான் அவர் சொன்ன வீட்டு விதி. நான் புதிதாக வாசிக்கப் பழகிய திமிரில் வாசலுக்கு மேலேயிருந்த பெயர்களை உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, உங்கள் பெயர் எங்கே என்று கேட்டேன். “என் பெயர் தபால்பெட்டியில் இருக்கிறது” என்றார். நல்ல பகிடி என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

எல்லாம் சரி, அந்தக் குசினிக்குக் கதவு இல்லை. நிலை இருந்தது, நிலையில் கதவைத் தாங்கும் துருப்பிடித்த பிணைச்சல்கள் இருந்தன, கதவைத்தான் காணவில்லை. கூடத்துக் குளிர் நேரே உள்ளே வரும். குசினியில் என்ன கொதித்தாலும் அதன் மணம் நேரே கூடத்துக்குப் போகும், கூடத்திலிருந்து வீட்டுக்காரரின் அறைக்குப் போகும். அப்பாவுக்கு நித்திரை போனது இதனால்தான். முகாமில் எங்களோடு இருந்த ஒரு குடும்பம் வெளியில் வீடு எடுத்துப் போய், கறி மணக்கிறது என்று அயலவர் முறைப்பட்டு, திரும்பவும் முகாமுக்கே மூட்டையோடு வந்து சேர்ந்ததை நாங்கள் கண்ணால் கண்டிருந்தோம்.

“வெள்ளைக்காரர் வாயால சொல்லமாட்டினம். மனசுக்குள்ள வைச்சிருந்து ஒரு நாளைக்குப் போ எண்டு சொல்லுவினம்” என்றார் அப்பா.

அதனால் அம்மா அவித்த உருளைக்கிழங்கு சமைத்தார். அவித்த கரட் சமைத்தார். உள்ளி இல்லை, தாளிதம் இல்லை, தூள் இல்லை. பிள்ளைத்தாச்சிப் பெண் அதை ஒவ்வொரு கவளமாகத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து அழுதார். என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். “கத்தரிக்காய்க் குழம்பு. உறைப்பா. ஒருக்கா” என்றார் அம்மா.

அப்பா அன்று முழுவதும் யோசித்தார். அடுத்த நாள் விறகு எடுக்கப் போனபோது மாட்டுக்கொட்டிலின் மூலையில், உடைந்த வண்டிச் சில்லுக்கும் சாக்குகளுக்கும் பின்னால், சுவரில் சாத்தியிருந்த கதவைக் கண்டுபிடித்தார். எட்டப் பார்த்தாலே தெரிந்தது, குசினி நிலைக்கு அளவெடுத்துச் செய்தது. வீட்டுக்காரர் வயதானவர், மனைவி இல்லாதவர், பாரமான கதவை மாட்ட அவருக்கு ஏலாது, ஆள் துணை இல்லாமல் விட்டுவிட்டார் என்று அப்பா முடிவுகட்டினார். நாங்களே மாட்டிவிட்டால் மணமும் வெளியே போகாது, மனிதருக்கு உதவி செய்ததாகவும் இருக்கும். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. கேட்டால் ‘வேண்டாம், உங்களுக்கு ஏன் கஷ்டம்’ என்று சொல்வார் என்பது அப்பாவின் கணிப்பு. எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. நல்லது செய்வதென்றால் சொல்லாமல் செய்ய வேண்டும்.

சனிக்கிழமைகளில் வீட்டுக்காரர் சைக்கிளில் மனைவியின் கல்லறைக்குப் போவார். அங்கிருந்து மதுக்கடைக்குப் போய்ச் சீட்டு விளையாடிவிட்டுப் பின்னேரம் கோப்பி நேரத்துக்குத்தான் திரும்புவார். அவருடைய சைக்கிள் திருப்பத்தில் மறைந்ததும் அப்பா சட்டைக் கையை மடித்தார். ஊரில் கந்தோரில் பேனா பிடித்த கை அது. கதவைக் கூடத்தால் இழுத்து வருவதற்குள் இரண்டு தரம் காலில் போட்டுக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். நான் அடியில் விறகுக்கட்டை வைத்து முண்டுகொடுக்க, அப்பா நெஞ்சால் தள்ளித் தூக்கி, ஒருமாதிரிப் பிணைச்சலில் இறக்கினார். கதவு கிறீச் என்று கத்தியது. அம்மா மேலே போய்த் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து பிணைச்சல்களுக்கு விட்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஜேர்மனியிலே தேங்காயெண்ணெய் வைத்த கதவு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கதவின் உள்பக்கத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. என் மணிக்கட்டுத் தடிப்பு. ஒரு குசினியை உள்ளேயிருந்து பூட்டுவதற்கு இவ்வளவு பெரிய தாழ்ப்பாளா என்று எனக்கு வியப்பு. அம்மாவுக்கு வியப்பெல்லாம் இல்லை. தாழ்ப்பாளை இழுத்துப் போட்டு, கதவின் அடியில் ஈரச் சாக்கை மடித்து வைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, தாச்சியை அடுப்பில் வைத்தார். ஒளித்து வைத்திருந்த செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் ஒவ்வொன்றாக வறுபட்டன. நாங்கள் மூன்று பேரும் தும்மினோம். கண்ணால் தண்ணீர் ஓடியது. கத்தரிக்காய் எண்ணெயில் விழுந்த சத்தத்தைக் கேட்டு அம்மா சிரித்தார். ஜேர்மனிக்கு வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது கூடத்துக் கல்லில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் நேரத்தோடு வந்துவிட்டார். சத்தம் குசினிக்கு நேரே வந்து கதவுக்கு முன்னால் நின்றது.

“வந்திட்டார்” என்று அப்பா இரகசியமாகச் சொல்லித் தலைமயிரைக் கையால் வாரிக்கொண்டார். பாராட்டு வரப்போகிறது என்று நின்றார்.

ஒன்றும் வரவில்லை. வெளியே ஒரு அசைவும் இல்லை. கைபிடியைத் திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. குழம்பு மட்டும் கொதித்தது. அப்பாவின் முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். முகாமின் நீட்டு நடையும் அந்த அறையும் எங்கள் எல்லாருக்கும் அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன என்று நினைக்கிறேன்.

பிறகு கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, விரல் மொழியால், பதிவாக, இடுப்பளவு உயரத்தில். பெரிய மனிதர் தட்டுவதைப்போல இல்லை. கொஞ்சம் விட்டுத் திரும்பவும் தட்டினார்.

“பார், தங்கடை வீட்டுக்குள்ளேயே தட்டிப்போட்டுத்தான் வருகினம். என்ன பழக்கம்!” என்று அப்பா கிசுகிசுத்தார். அந்தப் பயத்திலும் அவருக்கு ஜேர்மன்காரரின் ஒழுக்கத்தை மெச்ச வேண்டியிருந்தது.

அம்மாதான் போய்த் தாழ்ப்பாளை இழுத்தார்.

வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பு. எங்கள் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தனக்கு நன்றாக வரும் ஒரேயொரு ஜேர்மன் சொல்லான ‘மன்னிக்கவும்’ என்பதைத் திருப்பித் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். கதவைக் காட்டி, இப்பவே கழற்றுகிறேன் என்று கையால் பாவனை செய்தார். மனிதர் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நிலைக்கு வெளியேயே நின்றார்.

அம்மாவுக்கு ஜேர்மன் தெரியாது. வந்த நாளிலிருந்து அந்த மனிதரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை, தலையாட்டுவதோடு சரி. ஆனால் அடுப்பில் கறி கொதிக்கும்போது வாசலில் ஒருவர் நின்றால் அம்மாவால் பேசாமல் இருக்க ஏலாது. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்.

“வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ. வந்து இருங்கோ” என்றார், சுத்தத் தமிழில்.

அவர் வந்தார். அந்த நிலையைத் தாண்டக் காலைத் தூக்கி வைத்த விதத்தைப் பார்த்தால் அங்கே ஒரு படி இருப்பதாக நினைத்தவரைப்போல இருந்தது. கதிரையில் இருந்தார். தும்மினார். கண்ணால் பொலபொலவென்று ஊற்றியது. மிளகாய் செய்த வேலை என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா என் தொடையில் ஒரு நுள்ளு நுள்ளினார்.

தும்மல் அடங்கிய பிறகு அவர் என்னைப் பார்த்து, அப்பா அம்மாவுக்குச் சொல்லு என்றார். வீட்டில் ஜேர்மன் தெரிந்த ஆள் நான்தான். பாடசாலையிலும் வைத்தியரிடமும் வரும் கதைகளை எல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பேன், அதில் எனக்கு நல்ல தலைக்கனம்.

“நான் உன் வயதில் இந்தக் கதவுக்கு வெளியே நின்றேன்” என்றார். “நானும் என் அம்மாவும் மேலே உன் அறையில் இருந்தோம். இங்கே உள்ளே சூடாக இருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான் தட்டினேன்.”

“சின்னப் பிள்ளையா இருக்கேக்கை வெளியில நிண்டவராம், கதவு பூட்டியிருந்ததாம், தட்டினவராம்” என்று நான் சொன்னேன். அவருக்குச் சொல்ல ஏதோ பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் இவ்வளவுதானா என்று இருந்தது. நான் பாட்டுக்கு அவரிடம், “உங்களிடம் திறப்பு இல்லையா?” என்று கேட்டேன். சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்போம்.

அவர் என்னையே பார்த்தார். “இல்லை. என்னிடம் திறப்பு இருக்கவில்லை” என்றார்.

அம்மா குழம்பை இறக்கி வைத்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நின்றவர், “தாய்க்கு என்ன நடந்ததெண்டு கேள்” என்றார். அம்மாவின் குரல் ஏன் இப்படி இறங்கிப்போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

அவர் யன்னலைப் பார்த்துவிட்டு, “அது கடும் குளிர்காலம்” என்றார்.

“குளிராம்” என்று சொன்னேன். கேட்டது ஒன்று, இவர் சொல்வது ஒன்று, வயதானால் இப்படித்தான் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பை எடுத்தார். கோப்பையில் சோறு போட்டு, ஓரமாகக் கொஞ்சமே கொஞ்சம் குழம்பு விட்டு, தயிரும் வைத்து, அவருக்கு முன்னால் வைத்தார். அவர் சாப்பிட்டார். மூக்கைத் துடைத்துத் துடைத்து, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார்.

கதவைக் கழற்ற அப்பா எழும்பியபோது அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடுத்த நாள் காலையில் தானே திருகாணி கழற்றும் கருவியோடு வந்து அந்தத் தாழ்ப்பாளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அம்மா தூள் வறுக்கும்போது கதவைச் சாத்துவார். வீட்டுக்காரர் வந்து தட்டுவார். கைபிடியைத் திருப்பினால் திறக்கும் கதவு, ஆனாலும் தட்டுவார். அம்மா உள்ளேயிருந்து “வாங்கோ!” என்று சத்தம் கொடுக்கும்வரை நிற்பார். எங்களுக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். தம்பி பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுக்குத்தான் வந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு அம்மா பெரிய வாசலில் வந்து இறங்கியபோது வீட்டுக்காரர் உள்ளே நின்று “வாங்கோ” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான்.

மிச்சக் கதை எனக்குத் தெரிய வந்தது அவருடைய செத்தவீட்டில். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பாதிரியார் சொல்ல நானே கேட்டேன், இந்த முறை எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு கிழக்கிலிருந்து குதிரைவண்டியில் தப்பி வந்த சனங்களை அரசாங்கம் வீடு வீடாகப் பகிர்ந்து இருத்தியது. தாயும் மகனும் அந்தப் பண்ணைக்கு வந்தார்கள். வேண்டாத விருந்தாளிகள். மேல் அறை கொடுத்தார்கள், அது சட்டம். அடுப்பைக் கொடுக்கச் சட்டம் இருந்தாலும் தாழ்ப்பாள் அவர்களுடையது. அந்தக் குளிரில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. பெடியன் கொஞ்சம் சுடுதண்ணீருக்காகப் போய்க் கதவில் தட்டினான். உள்ளே ஆட்கள் கதைக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டதாம்.

தாய் அந்தக் காய்ச்சலில் இறந்துபோன பிறகு அவன் அங்கேயே மாடு பார்க்கும் கூலியாளாக நின்றான், வளர்ந்தான், அந்த வீட்டு மகளையே கலியாணம் முடித்தான். வாசலுக்கு மேலே இருப்பது அவளுடைய முன்னோரின் பெயர்கள். மாமனாரைப் புதைத்த அடுத்த நாள் காலை, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் குசினிக் கதவைக் கழற்றிக் கொட்டிலில் கொண்டுபோய்ச் சாத்தினார். மனைவி கடைசிவரைக்கும் அதைத் திருப்பி மாட்டச் சொல்லவில்லையாம். வீட்டுக்காரர் இறந்ததும் வீடு மனைவியின் ஆட்களுக்குப் போனது. அவர்கள் எழுதிய வரலாற்றில் ஒரே குடும்பம்தான் இருக்கிறது. அவரும் இல்லை, நாங்களும் இல்லை. படத்தில் அந்தக் கதவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்து நான் அழுதேன்.

ஆனால் எட்டு வயதில் இதில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. எனக்கு விளங்கியது ஒன்றுதான். இந்த மனிதர் சின்ன வயதில் வீட்டுத் திறப்பைத் தொலைத்துவிட்டார், அதனால் கதவுக்கு வெளியே நிற்க வேண்டி வந்தது, அதை நினைத்து இன்றைக்கும் கவலைப்படுகிறார். எங்களுக்கு அறை தந்தவருக்கு அதைத் தேடிக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். உறைபனி கரைந்ததும் வளவில் இறங்கித் தேடத் தொடங்கினேன். தண்ணீர்ப் பம்படி, கோழிக்கூட்டின் அடி, சுவரோரத்துக் காஞ்சோன்றிப் பற்றை. பழைய ஆணியும் லாடமும் கிடைத்தன. திறப்பு கிடைக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவர் வாளியோடு வந்து என்னைக் கண்டார். என்ன தேடுகிறாய் என்று கேட்டார்.

“உங்கள் திறப்பை” என்றேன். “சின்ன வயதில் தொலைத்தீர்களே, அதை.”

அவர் சிரிக்கவில்லை. அப்படி ஒரு திறப்பு இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, பம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இறங்கி, எனக்குப் பக்கத்தில் இருந்து புல்லை விலக்கத் தொடங்கினார். அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தேடினோம்.

கிடைக்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கவலைப்பட வேண்டாம், எங்கேயாவது கிடக்கும், நாளைக்கும் தேடுவோம் என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.